முப்பத்தைந்து டிவெட்

எங்கள் பள்ளத்தாக்கில் ஒருவனுடைய மதத்தைக் கேலி செய்யலாம், கட்சியைக் கேலி செய்யலாம், மாமியாரைப் பற்றி அவன் முன்னாலேயே கதை கட்டலாம். சிரித்துக்கொண்டே உங்களுக்கும் சேர்த்து ஒரு காபி சொல்வான். ஆனால் அவன் என்ன தோட்டா போட்டு எல்க் மான் சுடுகிறான் என்பதில் மட்டும் வாயைக் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் பேச்சுவார்த்தை நின்றுபோகும், பேரப்பிள்ளைகள் கல்யாணத்தில்தான் மறுபடி ஆரம்பிக்கும். இதற்கு விலக்கு ஒரே ஒருவன், என் தங்கை லவோனின் கணவன் ஆர்லின் டிவெட். அவன் ஊரில் எல்லாருடைய தோட்டாவையும் குறை சொல்வான், ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மொன்டானா குளிரில் வீடு வீடாக லாரியில் காஸ் கொண்டுவந்து தொட்டியை நிரப்புகிறவன் அவன். ஜனவரி மாதத்தில் அவனிடம் சண்டை போட்டுவிட்டு யார் விறைத்துச் சாவது?

ஆள் நல்ல உயரம். எங்கள் காபிக்கடைக் கதவில் குனிந்துதான் நுழைவான். வாத்து ஒன்று குஞ்சுகளோடு சாலையைக் கடந்தால் லாரியை நிறுத்துவதோடு விடமாட்டான், குஞ்சுகள் பயப்படுமே என்று எஞ்சினையும் அணைத்துவிடுவான். நாய் வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் சட்டைப்பையில் பிஸ்கட் எடுத்துப்போவான். இப்படிப்பட்டவன் துப்பாக்கி என்று வந்துவிட்டால் மட்டும் யானைக்குக் குறைந்து பேச மாட்டான்.

"இந்த வருஷம் என்ன கொண்டு போற?" என்று யாரையாவது கேட்பான். அந்த ஆள் தன் தோட்டாவின் பெயரைச் சொல்வான். ஆர்லின் ஹக்கிள்பெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தில் ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டு, நிதானமாக மென்று முடித்துவிட்டுச் சொல்வான்: "நல்ல தோட்டாதான். அணில் சுடுறதுக்கு."

அவனுடைய சித்தாந்தம் மிகவும் எளிமையானது. ஓட்டை பெரிதாக இருக்க வேண்டும். மிருகம் விழவில்லை என்றால் ஓட்டை சிறிது. இதற்கு மேல் அதில் எதுவும் கிடையாது, ஆனால் அதை அவன் ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசுவான்.

ஆரம்பத்தில் அவனிடம் இருந்தது அவன் அப்பா விட்டுப்போன சாதாரண ரைபிள். எங்கள் ஊரில் பாதிப் பேர் அதே தோட்டாவில்தான் குழந்தை குட்டிகளை வளர்த்தார்கள். கல்யாணமான புதிதில் அதைக் கொண்டு ஒரு பெரிய ஆண் எல்க்கைக் குறிபார்த்தான். தவறியது. இரண்டாவது குண்டும் தவறியது. வேறு யாராவது இருந்தால் 'குறி தப்பிவிட்டது' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆர்லின் நேராக வுக்கலிச்சிடம் போனான்.

வுக்கலிச் எங்கள் பக்கத்து ஊரில் துப்பாக்கி செய்கிறவர். கடையில் தொங்குவதை எடுத்துக் கொடுக்கிற வியாபாரமெல்லாம் அவரிடம் இல்லை. தையல்காரர் மாதிரி உங்கள் கையை அளப்பார், கழுத்தை அளப்பார், கன்னம் எவ்வளவு சதைப்பிடிப்பு என்று விரலால் அழுத்திப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வெறும் கட்டையைத் தோளில் ஏற்றச் சொல்லி, கண்ணைத் திறந்ததும் எங்கே பார்க்கிறீர்கள் என்று கவனிப்பார். வால்நட் பலகைகளை அடுக்கி வைத்திருப்பார். ஒவ்வொன்றிலும் எச்சில் தொட்டுத் தேய்த்து ரேகை தெரியக் காட்டுவார். பெண் பார்க்கிற சடங்கு கெட்டது போங்கள். ஆர்லினுக்கு அந்தப் பலகை எச்சிலில் மின்னுவதைப் பார்த்தாலே தலைகால் புரியாது.

எங்கள் பக்கம் தோட்டாவின் பருமனை எண்ணால்தான் சொல்வோம், எண் ஏற ஏற ஓட்டையும் பெரிதாகும். முதலில் முந்நூறு மேக்னம் வந்தது. அதிலும் தவறியது. முந்நூற்று முப்பத்தெட்டு வந்தது. அதற்கப்புறம் முந்நூற்று எழுபத்தைந்து. கடைசியாக நானூற்றுப் பதினாறு. ஆப்பிரிக்காவில் எருமை சுடுகிறவர்கள் தூக்குகிற சாமான் அது. அதைக் கொண்டு எங்கள் மலையில் ஆர்லின் தவறவிட்டது ஒரு மானை. இந்த முன்னேற்றத்தில் ஒவ்வொரு படியிலும் தோட்டாக்களைக் கராஜில் அவனே உட்கார்ந்து நிரப்புவான், வெடிமருந்தைத் தராசில் நிறுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு. அந்த நேரத்தில் உள்ளே போய்த் தும்மக்கூட லவோனுக்கு அனுமதியில்லை.

லவோன் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவளிடம் ஒரு மெலிந்த பழைய ரைபிள் உண்டு. வருஷா வருஷம் சீசன் ஆரம்பித்த முதல் வாரத்திலேயே போவாள், ஒரே குண்டு, கறியோடு திரும்புவாள். வீட்டு ஃப்ரீசர் அவளால்தான் நிறையும். ஆர்லின் அந்தக் கறியை மூன்றாவது தடவை தட்டில் போட்டுக்கொண்டே, "இந்தக் குண்டுக்கே விழுந்துச்சுன்னா பாவம், ஏற்கெனவே ஒடம்பு சரியில்லாத மானா இருந்திருக்கும்" என்பான். லவோன் அவன் தட்டில் இன்னொரு கரண்டி கிரேவி ஊற்றுவாள். என் தங்கையின் பொறுமையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அவனுக்கு என்ன கோளாறு என்பது ஊருக்கே தெரியும். விசையை அழுத்துவதற்கு ஒரு கண் இமைக்கும் நேரம் முன்னால் அவன் உதறுவான். பெரிய தோட்டா தோளில் குதிரை மாதிரி உதைக்கும். அந்த உதை வரப்போகிறது என்று உடம்பு தெரிந்துகொண்டு, அது வருவதற்கு முன்பே கண்ணை மூடி, தோளைச் சுருக்கி, குழலைக் கீழே தள்ளிவிடும். உதைக்கு உதறல், உதறலால் குறி தவறல், தவறியதால் இன்னும் பெரிய தோட்டா, அதனால் இன்னும் பெரிய உதை. ஆர்லின் இந்தச் சக்கரத்தில் முப்பது வருஷமாகச் சுற்றிக்கொண்டிருந்தான், ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் அழகான வால்நட் கட்டையோடு.

சீசனுக்கு முன்னால் நாங்கள் எல்லாரும் ஊருக்கு வெளியே இருக்கிற பழைய சரளைக் குழியில் கூடி ரைபிள்களைச் சரிபார்ப்போம். ஒரு தடவை ஆர்லினுடைய தோட்டா ஒன்று வெடிக்கவில்லை. விசை 'டிக்' என்றது, அவ்வளவுதான். சத்தமும் இல்லை, உதையும் இல்லை. ஆனால் குழலின் வாய் அரை அடி கீழே போய்ச் சரளையை முத்தமிட்டது. சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மேகங்களைப் பார்க்க ஆரம்பித்தோம். எங்கள் ஊர் வழக்கம் அது. ஒருவன் கடனாளியா, குடிகாரனா, முகத்துக்கு நேரே கேட்போம். ஒருவனுக்கு உதறல் இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டோம். அப்படிச் சொன்னால் அவனுக்கு உயிர் போனாற்போல் ஆகிவிடும் என்று நாங்களாகவே முடிவு செய்து வைத்திருந்தோம்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம், அந்த எல்க் மட்டும் இல்லாமல் இருந்தால். முந்நூற்று முப்பத்தெட்டு வைத்திருந்த காலத்தில் ஆர்லினுடைய குண்டு முதல் தடவையாக ஒரு எல்க்கின் மேல் பட்டது. பட வேண்டிய இடத்தில் படவில்லை; வயிற்றில் பட்டது. அது ஓடிவிட்டது. ஆர்லின் ரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்துப் போனான். இருட்டி, பனி பெய்து, தடம் மூடிப்போனது. லாரி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அந்த வாரம் முழுக்க அந்தச் சரிவில் நடந்தான். கடைசியில் காக்கைகள் காட்டிக் கொடுத்தன. எல்க் உடனே சாகவில்லை என்பது அது படுத்துப் படுத்து எழுந்த இடங்களிலேயே தெரிந்தது. நான் போனபோது அவன் அதன் பக்கத்தில் பனியில் உட்கார்ந்திருந்தான், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு.

"சின்னது மச்சான்" என்றான். "இன்னும் பெருசா இருந்திருந்தா அங்கயே விழுந்திருக்கும். இப்படி இழுத்துக்கிட்டு கெடந்திருக்காது."

அப்போதும் நான் மேகத்தைத்தான் பார்த்தேன். அந்த வருஷக் குளிர்காலத்தில்தான் அவன் முந்நூற்று எழுபத்தைந்துக்கு அளவு கொடுத்தான். அவன் பெரிய துப்பாக்கி கேட்டது வெறும் ஜம்பத்தால் இல்லை என்பதை அன்று முதல் நான் அறிவேன்.

எல்க்கைவிடப் பெரிய மான் மூஸ். அதைச் சுடுவதற்கு எங்கள் மாநிலத்தில் குலுக்கல் உண்டு. எல்லாரும் பெயர் போடுவார்கள், ஒரு சிலருக்கு விழும். சிலர் சாகும் வரை போட்டுக்கொண்டே இருந்துவிட்டு, விழாமலே போய்ச் சேர்வார்கள். விழுந்துவிட்டால் அதற்கப்புறம் ஏழு வருஷம் பெயர் போட முடியாது. ஒருவன் பெயருக்கு விழுந்த அனுமதியில் இன்னொருவர் சுடவும் முடியாது. ஆர்லின் தன் மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே பெயர் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அறுபத்து மூன்று வயதானபோது, இரண்டு முழங்காலும் படியேற மறுத்த பிறகு, விழுந்தது.

காபிக்கடையில் எல்லாருக்கும் 'பை' பலகாரம் வாங்கிக் கொடுத்தான். வாங்கிக் கொடுத்த கையோடு வுக்கலிச்சிடம் போய் நானூற்று ஐம்பத்தெட்டு செய்யச் சொல்லிவிட்டான்.

அன்று சாயங்காலம் லவோன் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணே, நானூத்தி அம்பத்தெட்டாம். காண்டாமிருகத்துக்கு உள்ளது."

"கேள்விப்பட்டேன்."

"மூஸ் கெடைக்கலன்னா எனக்கு ஒண்ணுமில்ல. தப்பா பட்டு ஓடிப்போச்சுன்னா? அந்த எல்க்குக்கு அப்புறம் அவன் எத்தன மாசம் சரியா தூங்கல தெரியுமா? இந்த வயசுல அத மறுபடி அவனால தாங்க முடியாதுண்ணே. உள்ளயே உட்கார்ந்துருவான்."

"நீ சொல்லிப் பாரேன்."

"நானா? எப்படிச் சொல்றது? நீ ஆம்பள, நீ சொல்லு."

"நான் அவன் மச்சான். என்னால எப்படி முடியும்?"

இரண்டு பேரும் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்தோம். பிறகு, இப்படிப்பட்ட சிக்கலில் எங்கள் ஊர் ஆட்கள் செய்கிறதைச் செய்தோம்: உண்மையைச் சொல்வதை விட்டுவிட்டு, அதைச் சொல்லாமலிருக்க ஒரு பெரிய திட்டம் போட்டோம்.

இரண்டு பேருமாக வுக்கலிச்சிடம் போய் நின்றோம், திட்டம் அவருடையது. எந்தக் கடையிலும் விற்காத தோட்டா என்று ஒரு வகை உண்டு. ஏதாவது ஒரு தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தை நெருக்கியோ உடம்பை வெட்டியோ புதிதாக ஒன்றை உண்டாக்குவது. உண்டாக்கியவன் தன் பெயரையே அதற்கு வைத்துக்கொள்ளலாம். வுக்கலிச் ஆர்லினைக் கூப்பிட்டு, "நானூத்தி அம்பத்தெட்டு எவன்கிட்ட வேணும்னாலும் இருக்கும்யா. ஒனக்குன்னு ஒண்ணு செய்யறேன். முப்பத்தஞ்சு டிவெட்" என்றார். அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டான். தன் பெயர் ஒரு தோட்டாவுக்கு வரப்போகிறது என்றதும் அதன் கணக்கு வழக்கையெல்லாம், முப்பத்தைந்து என்றால் முந்நூற்று ஐம்பதுதான், நானூற்று ஐம்பத்தெட்டைவிடச் சின்னது என்பதைக்கூட, கேட்கவே மறந்துவிட்டான். மருந்து நிரப்பும் வேலையையும் முதல் தடவையாக அவரிடமே விட்டான்.

செய்து முடித்தபோது அது பார்க்க ராட்சசன் மாதிரி இருந்தது. கட்டை குட்டையான கூடு, தடித்த கனமான குண்டு. உள்ளே மருந்து மட்டும் கொஞ்சம்தான். மெதுவாகப் போகிற குண்டு, மூஸுக்குத் தாராளமாகப் போதும். உதை குறைவதற்காக ரைபிளின் கட்டைக்குள் ஈயம் ஊற்றி, பின்னால் தடித்த ரப்பர் வைத்திருந்தார். நான் சுட்டுப் பார்த்தேன். தோளில் யாரோ நண்பன் தட்டின மாதிரி இருந்தது. எங்கள் மூவருக்கும் எங்களுடைய புத்திசாலித்தனத்தில் அப்படி ஒரு பெருமை.

அங்கேதான் கோட்டை விட்டோம். அது மெத்தென்று சுடுகிறது என்று தெரிந்தால் ஆர்லின் தொடவே மாட்டானே! ஆகையால் ஊர் முழுக்க அதன் பயங்கரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். வுக்கலிச் தோளில் ஒரு துணிக்கட்டோடு காபிக்கடைக்கு வந்தார். "சும்மா ரெண்டு தோட்டா சுட்டுப் பார்த்தேன், கை தூக்க முடியல" என்றார். ஆட்டுப்பண்ணை வைத்திருக்கிற ஹார்லன், எங்கள் கடையின் மூத்த வாய், தன் பங்குக்கு, "நான் கூட நின்னேன். சத்தத்துல என் பொய்ப்பல்லு கழண்டுருச்சு" என்றார். ஆர்லின் முகம் மலர்ந்தது. அவன் உடம்பு மட்டும் இதையெல்லாம் வேறு மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. உதறல் என்பது உதையால் வருவதில்லை, உதை வரும் என்கிற பயத்தால் வருவது. இது எங்களுக்குத் தெரியாததா? தெரியும். பொய் சொல்கிற சுகத்தில் மறந்துவிட்டோம்.

செப்டம்பரில் சரளைக் குழியில் எல்லாரும் கூடினோம். ஆர்லின் முப்பத்தைந்து டிவெட்டோடு படுத்தான். குறி நூறு கஜத்தில். முதல் குண்டு பாதி தூரத்தில் மண்ணைக் கிளப்பியது. இரண்டாவது அதற்கும் முன்னால். நானூற்றுப் பதினாறில்கூட அவன் இவ்வளவு மோசமாகச் சுட்டதில்லை. நான் மேகத்தைத் தேடினேன். அன்று பார்த்து வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

ஆர்லின் எழுந்து உட்கார்ந்து குழலைத் தடவினான். யோசித்தான். பிறகு சொன்னான்: "பத்தல. இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கணும். வுக்கலிச், நானூத்தி அம்பத்தெட்டே செஞ்சு குடுத்துருங்க."

லவோன் கையிலிருந்த காபிக் குவளையை லாரியின் மேல் வைத்தாள்.

"குண்டு சின்னதில்ல ஆர்லின்."

"பின்ன?"

"நீ சுடுறதுக்கு முன்னாடியே கண்ண மூடிக்கிற. கை உதறுது. குழல் கீழ போயிடுது. அதான்."

இத்தனை வருஷத்தில் அந்தக் குழியில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. ஹார்லன் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"இன்னைக்கா?" என்றான் ஆர்லின்.

"எப்பவுமே."

அவன் என் பக்கம் திரும்பினான். "மச்சான்?"

நான் குனிந்து சுட்ட கூடுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். அதுவே பதிலாக இருந்தது.

"எல்லாருக்கும் தெரியுமா?" அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து லவோனிடம் நின்றான். "அந்த எல்க்க சுட்டேனே... அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லல?" குரல் உயரவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "என் மனசு நோகக் கூடாதுன்னா? என் மனச விடுங்க. அந்த மிருகத்துக்காகவாவது ஒருத்தன் சொல்லியிருக்கலாமேடா."

ரைபிளை உறையில் போட்டான், ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினான், லாரியில் ஏறிப் போய்விட்டான். லவோன் என் வண்டியில்தான் வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் அழுதாள். எனக்கு என் மீதே எரிச்சலாக வந்தது.

அதற்கப்புறம் அவன் காபிக்கடைக்கு வரவில்லை. காஸ் மட்டும் ஒழுங்காக வந்தது. நாய்களுக்கு பிஸ்கட்டும் வந்தது. ஒரு நாள் ஹார்லன் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்து, "இந்த வருஷம் பேத்திக்கு இருநூத்தி நாப்பத்தி மூணு வாங்கிக் குடுத்திருக்கேன்" என்றாராம். அணில் துப்பாக்கிகளிலேயே அசல் அணில் துப்பாக்கி அது. ஆர்லின் குழாயைச் சுருட்டிக்கொண்டே "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஹார்லன் இதைக் காபிக்கடையில் சொன்னபோது அத்தனை பேரும் கரண்டியைக் கீழே வைத்தோம். எவனுமே குறை சொல்லாவிட்டால் துப்பாக்கி வைத்திருந்து என்ன பிரயோஜனம்?

அக்டோபர் பிறந்து ஒரு சனிக்கிழமை, சரளைக் குழிப் பக்கமாக வண்டியில் போனேன். லவோனின் குரல் கேட்டது. முந்நூறு பிள்ளைகள் தட்டைத் தட்டுகிற கூடத்தில் வேலை பார்த்துப் பழகிய குரல். மலையில் பட்டு எதிரொலிக்கும்.

"உதறுது!"

இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஆர்லின் படுத்திருந்தான். லவோன் அவன் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்து, அவன் பார்க்காதபடி ரைபிளுக்குள் சில நேரம் நிஜத் தோட்டா போட்டாள், சில நேரம் மருந்தில்லாத வெற்றுக் கூடு போட்டாள். எது உள்ளே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. வெற்றுக் கூடு வந்து விசை 'டிக்' என்னும்போது குழல் துளி கீழே போனாலும் கத்துவாள். முப்பது வருஷம் வாய்க்குள் வைத்திருந்த வார்த்தையை ஒரே சனிக்கிழமையில் மொத்தமாகத் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், பார்த்தியா? இவ எவ்வளவு சந்தோஷமா கத்துறா பாரு" என்றான் ஆர்லின். அவன் என்னிடம் பேசிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுவாரம் வுக்கலிச்சும் வந்து உண்மையை ஒப்புக்கொண்டார். "ஒன் டிவெட் உதைக்காதுய்யா. ஆட்டுக்குட்டி. நான்தான் புளுகினேன்."

"அப்ப ஒங்க தோள்ல கட்டு?"

"என் பொண்டாட்டியோட ஸ்கார்ஃப்."

ஆர்லின் அவரை வெகுநேரம் பார்த்தான். பிறகு சரளையில் மல்லாந்து படுத்துச் சிரித்தான், வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. எனக்கும் அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

நவம்பர் கடைசி வாரம் வரைக்கும் பழகினான். லவோன் கத்துவது குறைந்துகொண்டே வந்தது, ஆனால் நிற்கவில்லை. சீசன் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஆர்லின், லவோன், நான் மூன்று பேரும் ஆற்றோர வில்லோப் புதர்களுக்குப் போனோம். விடிந்து கொஞ்ச நேரத்திலேயே அது வெளியே வந்தது. ஆண் மூஸ். கறுத்து, பனி மேலேறிய முதுகோடு, உள்ளங்கை விரித்தது போன்ற கொம்போடு, எங்களுக்கு விலாவைக் காட்டி நின்று புதரைக் கடித்துக்கொண்டிருந்தது. குலுக்கலில் பெயர் போட்டவன் ஒவ்வொருவனும் மூஸ் எப்படி நிற்க வேண்டும் என்று ராத்திரி படுத்து யோசிப்பானோ, அப்படியே நின்றது.

ஆர்லின் உட்கார்ந்து, கவட்டைக் கம்பில் ரைபிளை ஊன்றிக் குறி பார்த்தான். நாங்கள் மூச்சுவிடவில்லை. அவன் தலையைத் தூக்கினான்.

"உதறுது" என்றான். லவோன் சொல்லவில்லை, அவனே சொன்னான்.

"மூச்ச விடு. மெதுவா" என்றாள் லவோன்.

மறுபடி கன்னத்தை வைத்தான். மூஸ் ஒரு அடி எடுத்து வைத்தது, இன்னும் நன்றாக நின்றது. ஆர்லினுடைய விரல் விசையில் இருந்தது. தோள் இறுகுவது எனக்கே தெரிந்தது. தலையைத் தூக்கினான். "இல்ல." மூன்றாவது தடவையும் பார்த்தான், ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு விசையிலிருந்து விரலை எடுத்தான். தோட்டாவை வெளியே தள்ளி, பனியைத் துடைத்து, சட்டைப்பையில் பிஸ்கட்டுகளோடு போட்டுக்கொண்டான்.

"இன்னைக்கு என்னால சரியா சுட முடியாது" என்றான்.

மூஸ் தின்று முடித்து, ஆற்றைக் கடந்து, அந்தப் பக்கத்துக் காட்டுக்குள் போயிற்று. அவன் அது மறையும் வரை உட்கார்ந்து பார்த்தான். முப்பது வருஷம் காத்திருந்த ஒன்றைக் கண்ணெதிரே நடந்துபோக விட்டவனை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. லவோன் அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். மறுநாள் பனிப்புயல். அதோடு சீசன் முடிந்தது.

திங்கட்கிழமை காலை ஆர்லின் காபிக்கடைக் கதவில் குனிந்து உள்ளே வந்தான். தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தான். எல்லாரும் சாதாரணமாக இருப்பதுபோலக் கரண்டியை ஆட்டிக்கொண்டிருந்தோம். ஹார்லனால்தான் பொறுக்க முடியவில்லை.

"என்னப்பா, முப்பத்தஞ்சு டிவெட் எப்படி வேல செஞ்சுது?"

"அதுக்கு வேல குடுக்கல. மூஸ் நல்லா நின்னுச்சு. எனக்குத்தான் உதறிச்சு. சுடல."

உரக்கச் சொன்னான், அடுப்படிக்கும் கேட்கிற மாதிரி. அடுப்படியில் கூடப் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. காபிக்கடைக்குள் மேகம் ஏது?

"இனி ஏழு வருஷமாகுமே" என்றார் ஹார்லன்.

"ஆகட்டும். எழுபதுல மறுபடி பேர் போடறேன். அதுக்குள்ள சரியாயிடும்." 'பை' பலகாரத்தை வெட்டி வாயில் போட்டுக்கொண்டான்.

ஹார்லன் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். கடையில் பெரிய வாய் அவருக்குத்தான், ஆனால் அன்று வார்த்தை வெளியே வரச் சிரமப்பட்டது.

"எனக்கும் உதறும்" என்றார்.

"என்னது?"

"எனக்கும் உதறும்யா. அந்த முன்னூறு மேக்னம் வாங்குனதுலேர்ந்து. கண்ண இறுக்கி மூடிக்குவேன்."

ஜன்னல் ஓரத்திலிருந்து ஒருவன், "உங்களுக்குக் கண்ணுதான? நான் தலையவே திருப்பிடுவேன்" என்றான். அதற்குள் இன்னொருவன், "தலை என்ன, எனக்குக் குழலு பூட்ஸத் தொடும்" என்றான். பத்து நிமிஷத்தில் யாருக்கு உதறல் பெரிது என்று மேசையைத் தட்டிச் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். ஆர்லின் ஒவ்வொருவனையும் கேட்டுவிட்டு, "இதெல்லாம் ஒரு உதறலா? அணிலுக்கு வர்ற உதறல்" என்று தீர்ப்புச் சொன்னான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பனி கொஞ்சம் விட்டிருந்தது. சீசன் முடிந்து ஒரு வாரமாகியும் சரளைக் குழியில் வண்டி நிறுத்த இடமில்லை. லவோன் சாக்கில் படுத்து, ஒவ்வொருவர் ரைபிளையும் வாங்கி, அவர்கள் பார்க்காதபடி ஏதோ போட்டுக் கொடுத்து, பள்ளத்தாக்குக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தாள். வரிசையில் எனக்கு முன்னால் ஹார்லன் நின்றிருந்தார்.